கடிகாரத்தைக் காட்டினான் சேவியர்

ஜூன் 6, வெள்ளி

வெயில் விட்டபாடில்லை. மோட்டார் ஓடவில்லை, பக்கெட் தண்ணீரில் குளியல். வாங்க வேண்டியது: மிளகு, பேனா ரீஃபில், மாத்திரை.

மகள் ரேவதி ஃபோன். டாக்டர் சொன்னதையே மறுபடி சொன்னாள். மறதி நோய், ஆரம்பம்தான், ஆனால் தனியாக இருக்கக் கூடாது. மந்தைவெளி வீட்டைப் பூட்டிவிட்டு பெருங்குடியில் அவள் ஃபிளாட்டுக்குப் போக வேண்டுமாம். எரிச்சல். நாலு சொல் சொல்லி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிற டாக்டரை யார் நம்புவது? நாளை செஸ் கிளப் ஃபைனல், சேவியரோடு. அவனுக்கு ஈடு கொடுத்தால் இங்கேயேதான், சொதப்பினால் வருகிறேன் என்றேன். ஒப்புக்கொண்டாள்.

ஜூன் 7, சனி காலை

மாத்திரை போட்டேனா? அட்டையைப் பார்த்தால் போட்டிருக்கிறேன்.

சேவியர் சாந்தோம்காரன். பெயிண்ட் கம்பெனியில் ரிட்டயர்ட். பல வருஷமாக எதிரெதிரே. ஒரு வாரம் அவன் ஜெயிப்பான், ஒரு வாரம் நான். ஈவு இரக்கம் கிடையாது. காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அமுக்க மறந்தால் நம் நேரம்தான் கரையும். எதிராளி அதைச் சொல்லாமல், யோசிப்பதுபோல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போன வருஷம் அவன் மறந்தபோது நானும் அப்படித்தான். உள்ளுக்குள் ஒரே குஷி. அதனால்தான் டாக்டரைவிட அவன்மேல் நம்பிக்கை.

சனி மாலை

ஜெயித்தேன். எல்லோரும் கை கொடுத்தார்கள். காபி ஆறிப்போயிருந்தது.

நடுவில் யானையை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். சேவியர் பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். கடிகாரத்தைக் காட்டி, மெல்ல, "மச்சி, அமுக்கல பாரு" என்றான். கொஞ்ச நேரத்தில் மறுபடி. அப்புறம் இன்னொரு தடவை. அவன் சும்மா இருந்திருந்தால் நேரம் தீர்ந்து தோற்றிருப்பேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவமானம். பயம்.

படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டான். ரேவதி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. ரொம்ப நாளா பாத்துக்கினுதான்டா கீறேன்."

ஜூன் 8, ஞாயிறு

மேகம், மழை இல்லை. பால்காரர் லேட்.

ரேவதி ஃபோன். ஜெயித்ததைச் சொன்னேன். பேசினபடி மந்தைவெளியிலேயே இருங்கள், இனி வற்புறுத்த மாட்டேன் என்றாள். பாவம்.

"இல்லம்மா. அடுத்த வாரம் வண்டி எடுத்துட்டு வந்துடு."