எலுமிச்சைக்குத் தாகம்

கொழும்பிலிருக்கும் என் அத்தானுக்கு,

எலுமிச்சைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் போனீர்கள். ஐந்து வருடம் ஊற்றினேன், இலைதான் வளர்ந்தது. இந்தக் கோடையில் ஒரு மாதம் செம்புத் தண்ணீர்கூட விடவில்லை. இலை வாடிக் கொட்டியது.

பக்கத்து வீட்டு ஏசம்மாள் மதினி, "ஏட்டி, மரத்தைக் கொன்னுருவ போலிருக்கே!" என்று சத்தம் போட்டார்கள்.

"செத்த பொறுங்க மதினி. அதுக்குத் தாகம் தெரியணும்" என்றேன்.

பிறகு மண்ணைக் கிளறி, ஆட்டெரு போட்டு, நிறையத் தண்ணீர் விட்டேன். இப்போது கிளையெல்லாம் பூ.

வாரம் தவறாமல் உங்களுக்கு எழுதியபோது பதில் வரவில்லை. மூன்று மாதமாக எழுதவில்லை. நேற்று ஒரே தபாலில் உங்களிடமிருந்து மூன்று கடிதம். கோபமா, கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாருங்கள், அதற்குள் காய் பறித்துவிடலாம். ஊறுகாய்க்கு நல்ல ஜாடியாக ஒன்று வாங்கி வாருங்கள். டிக்கெட் வருவதற்கு மட்டும் எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி