மங்களத்தின் குங்குமமும் கணேசமூர்த்தி பட்டறை லேத்தும்

புக்கிட் ரம்பாய்,
புதன்கிழமை, ஆகஸ்டு 1952

அன்புள்ள மங்களத்துக்கு மருதமுத்து எழுதுவது.

நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பது முறை. விசாரித்ததாக வைத்துக்கொள், எனக்கு அவசரம். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா அக்கா ஞாயிற்றுக்கிழமை டுரியான் துங்கால் பக்கம் வருகிறாராம். உன் அண்ணன் வீட்டில் கால் வைக்காமல் திரும்ப மாட்டார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுப் பக்கம், குங்குமக் கறை இருந்தது உண்மை. கொடியில் காய்ந்த அந்தச் சட்டையை அக்கா பார்த்ததும் உண்மை. பெண்டாட்டி வீட்டில் இல்லாத நேரத்தில் புருஷன் சட்டையில் குங்குமம் எப்படி ஏறியது என்று குழாயடியில் நின்று அவர் கேட்டதும் உண்மை. அது உன் குங்குமம்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பாதியில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

வினை எல்லாம் அந்த லேத்தால் வந்தது. கணேசமூர்த்தி முதலாளி பட்டறையில், தோட்டங்களின் ரப்பர் உருளைகளைக் கடையும் பெரிய லேத் இருக்கிறதே, அதுதான். வெட்டும் உளியைத் தாங்கிக்கொண்டு அதன் இரும்புப் பாதைமேல் ஒரு வண்டி போய்வரும். வெள்ளைக்காரன், ஜப்பான்காரன், மறுபடி வெள்ளைக்காரன் என்று எல்லார் காலத்திலும் ஓடி ஓடி, பாதை ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது. கடைந்த உருளைகள் ஒரு முனை பெருத்து ஒரு முனை சிறுத்து வந்தன. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளி புது லேத் வாங்குவார் என்று நினைத்தோம். அவர் என்னைப் பார்த்து, "மருதமுத்து, நீயே சுரண்டி நேராக்கிடு லா, ஒனக்கென்ன" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

சுரண்டுவதை நீ லேசாக நினைத்துவிடாதே. நேரான இரும்புச் சட்டம் ஒன்றில் நீலச் சாயத்தை மெல்லத் தடவி, பாதைமேல் வைத்துத் தேய்த்து எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த இடங்களைச் சுரண்டியால் பூப்போலச் சீவ வேண்டும். மறுபடி தடவி, மறுபடி வைத்து, மறுபடி சீவ வேண்டும். பாதை முழுக்க அம்மை போட்ட மாதிரி நெருக்கமாகப் புள்ளி விழுந்தால் வேலை முடிந்தது.

சட்டம் சிங்கப்பூரிலிருந்து வரத் தாமதமானது. அதுவரை கை சும்மா இருக்கவில்லை, சுவரில் இருந்த உன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனேன். நம் வீட்டில் அதைவிட நேரான சாமான் வேறு என்ன இருக்கிறது? அதன் முகமெல்லாம் நீலம் பூசியதைக்கூட நீ பொறுத்திருப்பாய். ஆனால் சட்டம் வந்த அன்று அதைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு மயிரிழை குழிவு. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். "எங்கப்பா குடுத்ததுல கொறையா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினாய்.

உன் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாதவர் என்பது எனக்கும் தெரியும். அந்தக் கண்ணாடியைத் துணியில் சுற்றித் தலையில் சுமந்து வந்து, நம் கல்யாணத்தன்று தன் கையாலேயே மாட்டினார் என்பதும் தெரியும். ஆனால் அளவு அளவுதானே. "நேரா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ போயிருக்க மாட்டா" என்று வீரப்பன் மச்சான் சொல்லி அனுப்பினார். உன் அண்ணன் கங்காணி, எதை வேண்டுமானாலும் சொல்வார். நான் ஃபிட்டர். சாமியே வந்து கேட்டாலும் குழிவைக் குழிவு என்றுதான் சொல்வேன்.

நீ போன பிறகு பட்ட பாட்டையும் கேள். வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது போலீஸ் ரோட்டு மறிப்பில் அடையாளக் கார்டைக் காட்டினேன். கார்டைப் பார்த்தவர்கள் கையையும் பார்த்தார்கள். முழங்கை வரை நீலம். கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களுக்கு நோட்டீஸ் அச்சடிக்கிறவன் என்று ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். சாயம் பூசி இரும்பைச் சுரண்டுகிறேன் என்று நான் சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் கூடியது. முதலாளி வந்து கையெழுத்துப் போட்டதும் என்னை விட்டார்கள். நீல டின்னை விடவில்லை, அது விசாரணைக்கு வேண்டுமாம்.

மலாக்கா முழுக்கத் தேடியும் அந்தச் சாயம் கிடைக்கவில்லை. லேத் பாதியில் கிடந்தது. முதலாளி கடைக் குங்குமம் வாங்கிவந்து எண்ணெயில் குழைத்துக் கொடுத்தார். அதில் என்ன மண்ணோ, சீவிய இடமெல்லாம் கீறல். அப்போதுதான் நம் சாமி மாடத்தில் நீ விட்டுப்போன குங்குமப் பரணி ஞாபகம் வந்தது. நீ எலுமிச்சைச் சாற்றில் மஞ்சளை ஊறவைத்து, இடித்து, மல்துணியில் சலித்துச் செய்தது. தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவினேன். மங்களம், சிங்கப்பூர் நீலம்கூட அவ்வளவு சுத்தமாகப் புள்ளி வைத்ததில்லை. நீ இவ்வளவு பொடியாகச் சலிப்பாய் என்று இத்தனை வருஷம் தெரியாமலே நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று கையைச் சரியாகக் கழுவாமல் சட்டையை மாட்டியதுதான் அந்தக் கறை. மறிப்பில் மறுபடி, முன்பு என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன அதே கான்ஸ்டபிள் நாகமுத்து. "அன்னிக்கு நீலம், இன்னிக்குச் செவப்பு, நாளைக்குப் பச்சையாண்ணே?" என்றான். பெண்டாட்டி குங்குமம் தம்பி என்றேன். அண்ணி எங்கே என்றான். அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அதற்குமேல் அவன் என்னைச் சோதிக்கவில்லை, தோளைத் தட்டி அனுப்பிவிட்டான். போலீஸ்காரன் பரிதாபப்படும் அளவுக்கு வந்துவிட்டது என் நிலைமை.

லேத்தின் பாதை நேராகிவிட்டது. முதலாளி தடவிப் பார்த்துவிட்டுப் பூசை போடலாம் என்றார். குங்குமம் ஏற்கனவே வைத்தாயிற்று, மாலை மட்டும் வாங்குங்கள் என்றேன். ஆனால் அதன்மேல் ஓடும் வண்டியின் அடிப்பக்கம் இன்னும் சுரண்ட வேண்டும். பரணியில் ஒரு துளி இல்லை. கடைக் குங்குமத்தை இனி நான் தொட மாட்டேன்.

அதனால் நீ வரும்போது குங்குமம் செய்து எடுத்து வா. உன் அண்ணன் தோட்டத்து வாசலில், காட்டுக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று அரிசிக்கும் டின் மீனுக்கும்தான் தடை, குங்குமத்துக்கு இல்லை. நாகமுத்துவிடம் கேட்டுவிட்டேன். லேத்துக்கு மட்டுமில்லை, சாமி மாடத்தில் காலிப் பரணியைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை. வீடும் நன்றாக இல்லை.

கண்ணாடியை மண்ணெண்ணெயில் துடைத்து, மாமா அடித்த அதே ஆணியில் மாட்டிவிட்டேன். மாட்டுவதற்கு முன் சட்டத்தை வைத்து இன்னொரு தரம் பார்த்தேன். குழிவு ஒன்றும் இல்லை. நேராகத்தான் இருக்கிறது. யார் கேட்டாலும் ஃபிட்டர் மருதமுத்து சொன்னதாகச் சொல்.

மாரியம்மன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் புருஷன்,
மருதமுத்து