வெறும் துவர்ப்பு

அன்புள்ள உனக்கு,

இல்லை, நீ சொன்னபடி ருசி பார்த்துவிட்டுத் துப்பவில்லை, நீ அனுப்பிய மூன்று ஒயினையும் விழுங்கிவிட்டேன். போர்தோ சிவப்பு வெறும் துவர்ப்பு. அல்சாஸ் வெள்ளை வெறும் புளிப்பு. சோத்தேர்ன் வெறும் இனிப்பு. காய்ச்சலில் போன மோப்பம் இன்னும் திரும்பவில்லை.

அடுப்பில் பால் பொங்கித் தீ அணைந்திருக்கிறது. பக்கத்து வீட்டு நதியா ஓடிவந்து கேஸை மூடினாள்.

"ஏன்க்கா, கேஸு தெருவரைக்கும் நாறிக் கெடக்கு, நீங்க ஒயின மோந்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க!"

ஜன்னலைத் திறந்தோம். பனி உள்ளே வந்தது.

அங்கே உன் ஒயின் கூடத்தில் நீ எனக்காகப் பேசிவைத்த, ஒயினை முகர்ந்து தரம் சொல்லும் வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். மூக்கில்லாமல் நான் அங்கே வந்து என்ன செய்ய?

நீ விட்டுப்போன சட்டையை இத்தனை நாள் துவைக்காமல் வைத்திருந்தேன். இன்று அதையும் முகர்ந்தேன். நதியா போனதும் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டேன்.

உன்னவள்