துண்டு மூடிய தள்ளுவண்டி

“வெயில் படக்கூடாதுன்னுதானே துண்டைப் போட்டு மூடினேன்?” “மூடினீங்களா, பிள்ளையை அவிச்சீங்களா?” “சத்தமே போடாம தூங்கினாளே!” “மூஞ்சி செவசெவன்னு ஆனது கண்ணுல படலையா?”

நேற்று வாசலில் தொண்டை கிழியக் கத்தியது நான்தான். “இனி இவளை உங்ககூட அனுப்ப மாட்டேன்” என்றதும் நான்தான். இன்று பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போகிறேன், அதனால்தான் இந்தச் சீட்டு. நம் மகளை ஊசி போடக் கூட்டிப்போக உங்களை விட்டால் எனக்கு யார்?

பதினோரு மணி ஊசியை ஒன்பதுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். வண்டியில் குடையை மாட்டுங்கள், துண்டு வேண்டவே வேண்டாம். காற்றுப் போகாமல் உள்ளே வெந்துவிடுகிறது. அவளுக்கு மெல்லிய முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி போடுங்கள். நிழல் பக்கமாகவே நடங்கள். சூடேறுகிறதா என்று அடிக்கடி பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். நாலு மாதப் பிள்ளைக்கு வெயில் கிரீம் பூச வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார். பால் ஃபிரிட்ஜில் மேல் தட்டில் இருக்கிறது. உங்கள் சாப்பாடு மேஜையில்.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன். இதைச் சொல்லாமல் போனால் எனக்கு வேலை ஓடாது. போன வாரம் கடைக்குப் போனபோது நானும் அதே துண்டைத்தான் போட்டு மூடினேன். திறந்து பார்த்தால் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தாள். பயத்தில் உங்களிடம் மறைத்துவிட்டேன். சொல்லியிருந்தால் நேற்று நீங்கள் மூடியிருப்பீர்களா? ஆத்திரம் என் மேல், வாங்கிக்கட்டிக்கொண்டது நீங்கள்.

இதை எழுத உட்காரும் முன் உங்கள் காதருகே குனிந்து கேட்டேன். தூக்கமா, நடிப்பா, தெரியவில்லை.

“இன்னும் கோபமாங்க?”