அக்சென்டுக்கு இரண்டு சி

ஆன்ட்டி,

இன்று காலை வேனை ஸ்டார்ட் செய்ததும் அதன் திரை முதலில் உங்கள் ஃபோனைத்தான் தேடியது. உங்கள் மகன் அதற்கு வைத்துக் கொடுத்த 'அம்மா புதுசு' என்ற பெயர் ஆங்கில எழுத்தில் நடுவில் வந்து நின்றது. பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. பத்து நொடி இருக்கும். பிறகு, கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு என் ஃபோனை எடுத்துக்கொண்டது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. வேனுக்கு யாரும் சொல்லவில்லை போல.

லைசன்ஸ் எடுத்துவிட்டேன். இப்போது நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பைகள் உட்கார்ந்து வருகின்றன.

பதினாறு வயதில் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியபோது, கோயிலில் கேட்பவர்களிடமெல்லாம் அம்மா, "ஆன்லைன்ல படிக்கறா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஆன்லைனில் இருந்தது உண்மைதான், படிக்கவில்லை. பிறகு தெரிந்தவர்களின் கேட்டரிங் கிச்சனில், மதியச் சாப்பாடு கொண்டுபோகிற வேனில், உங்களுக்குத் துணையாக என்னை ஏற்றிவிட்டாள். முதல் நாள் நீங்கள், "நான் வேன் ஓடுவன், நீ இறங்கிப் பெல் அடி, பிள்ளை. சரியே?" என்றீர்கள். தாம்பரத்திலிருந்து அமெரிக்கா வந்த எனக்கு, நீங்கள் வேனுக்குப் பின்னால் ஓடி வருவது போல ஒரு படம் மனதில் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் ஓட்டுவதை அப்படித்தான் சொல்வீர்கள் என்று பிறகு தெரிந்தது.

பெல் அடித்து, நின்று பேச எனக்கு வரவில்லை. கதவடியில் பையை வைத்து, மெசேஜ் அனுப்பிவிட்டு ஓடி வந்துவிடுவேன். நீங்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தீர்கள். ஒரே ஒரு நாள் மட்டும், "கள்ளி மாதிரி ஓடி வாறாய். சாப்பாட்டை வைக்கிறியோ, எடுக்கிறியோ?" என்றீர்கள். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஹூஸ்டனுக்கு வேலைக்குப் போன உங்கள் மகன்தான் அந்த ஆல்பத்தை அனுப்பினான். அவன் இருந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் பாடிய ராப். துப்பாக்கி, போலீஸ், ஜெயிலுக்குப் போன அண்ணன், கார், மறுபடியும் போலீஸ். நடுவில் வசவுகள். நான் கூச்சத்தில் சத்தத்தைக் குறைத்தேன். நீங்கள் கூட்டினீர்கள். "கெட்ட வார்த்தை ஒண்டும் எனக்கு விளங்காது. ஆனபடியால் எனக்குச் சுகம், உனக்குத்தான் கஷ்டம்" என்றீர்கள்.

ஆனால் ஒரு வார்த்தை உங்களுக்கு விளங்கியது. மூன்றாவது பாட்டில் வேனைச் சிக்னலில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"இவன் என்ன, வரிக்கு வரி மேனை எண்டு கூப்பிடுறான்?"

"மேனைன்னா?"

"மகனே எண்டுறது. என்ர அம்மா அப்பிடித்தான் தம்பியைக் கூப்பிடுவா. வா மேனை, சாப்பிடு மேனை."

"ஆன்ட்டி, அது மேன். ஹூஸ்டன் பக்கத்து ஆளுங்க அப்படி இழுத்துச் சொல்வாங்க."

"நாங்களும் இழுத்துத்தானே சொல்லுறம்" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தீர்கள். அதன்பிறகு எத்தனை முறை சொன்னாலும் உங்களுக்கு அது மேனைதான்.

எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கவில்லை. எல்லாப் பாட்டும் ஒரே வேகம், ஒரே அடி, வாய்க்குள்ளேயே முடிந்துபோகிற சொற்கள். உங்களிடம் அதைச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால், வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் எனக்கு இது பிடிக்கவில்லை என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீங்கள் கோபப்படவில்லை. "அப்ப சனம் என்ன சொல்லுது எண்டு வாசி" என்றீர்கள்.

அப்படித்தான் ஒவ்வொரு சிகப்பு விளக்கிலும் நான் கமெண்ட் வாசிக்கிற வழக்கம் தொடங்கியது. நீங்கள் அதற்குக் கோர்ட் என்று பெயர் வைத்தீர்கள். சனம் சரிபாதியாகப் பிரிந்திருந்தது. இது எங்கள் தெரு, வேறு யாரும் இதைச் சொன்னதில்லை என்றார்கள் ஒரு பக்கம். பழைய ஆல்பத்தில் இருந்த பசி இதில் இல்லை என்றார்கள் இன்னொரு பக்கம். எட்டாவது பாட்டில்தான் சண்டை அதிகம். அதில் அவர் செத்துப்போன சிநேகிதர்களின் பெயர்களைச் சொல்வார், அவ்வளவுதான். பெயர், தெரு, யாருடைய மகன், யாருடைய தம்பி. இது பாட்டே இல்லை, லிஸ்ட் என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் அதைத்தான் சொன்னேன்.

"லிஸ்ட் எண்டால் என்ன?" என்றீர்கள். "எங்கட ஊரில காலமை ரேடியோவில மரண அறிவித்தல் சொல்லுவினம். இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்ன இடத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவர். அடுப்பைக் குறைச்சுப்போட்டுக் கேப்பம். ஒருத்தரும் அதை லிஸ்ட் எண்டு சொன்னதில்லை."

எனக்குத் தோற்றுப்போன மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, ஒரு பையனுடைய பெயரை வைத்துக்கொண்டு, அந்தக் கமெண்ட் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: 'ஒரு வார்த்தையும் புரியவில்லை. முதலில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்.'

அந்த இரண்டாவது வரி என்னுடையது இல்லை, ஆன்ட்டி. எட்டாம் வகுப்பில், அமெரிக்கா வந்து ஆறு மாதத்தில், வெஜிடேபிள் என்ற சொல்லை நாம் சொல்வது போலவே கடைசியில் ஒரு டேபிளை வைத்துச் சொன்னேன். பின்னால் இருந்த பையன் அந்த வரியைச் சொன்னான். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு முதலில் வந்து நின்றது. கையைத் தூக்குவதை விட்டேன். பிறகு போவதையே விட்டேன். அவ்வளவு நாள் எனக்குள் வைத்திருந்த வரியை எடுத்து, முகம் தெரியாத ஒருவர் மேல் எறிந்தேன். ஒரு தடவையாவது சிரிக்கிற பக்கத்தில் இருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். காலையில் எழுந்தபோது லைக்குகள் குவிந்திருந்தன. சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது அதை மறைக்கப் போவதில்லை.

மறுநாள் கோர்ட்டில் நான் அதைத் தாண்டிப் போய் மற்றதை வாசித்தேன். ஆனால் லைக் அதிகமானதால் அது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அடுத்த சிக்னலில் நீங்களே எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்தீர்கள்.

"ஆரிந்த விசரன்?" என்றீர்கள்.

பிறகு டோல்வேயிலிருந்து இறங்கி, சாப்பாடு கொடுக்க வேண்டிய அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் வேனை நிறுத்தினீர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தீர்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, லேட் ஆகுது."

"ஆகட்டும். அக்சென்டுக்கு எத்தனை சி?"

"ரெண்டு" என்றேன்.

எனக்கு வந்த பதிலுக்கு நானே எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். நீங்கள் எழுதியது இரண்டே வரி. ஆங்கிலத்தில் எழுதிவிட்டு எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினீர்கள். "தம்பி, எனக்கும் அக்சென்ட் இருக்கு, எனக்கு இவர் சொல்லுறது விளங்குது. நீர் இன்னொருக்கா அவசரப்படாமல் ஆறுதலாக் கேளும்." என்னிடம் நீங்கள் விசரன், பைத்தியம் என்று திட்டிய அதே ஆளுக்கு, எழுதும்போது தம்பி போட்டீர்கள். அதையும் ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டிருந்தீர்கள். அவனுக்கு எப்படிப் புரியும் என்று கேட்டேன். "விளங்காட்டில் ஆரிட்டையாவது கேக்கட்டும்" என்றீர்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். ஒவ்வொரு சிகப்பு விளக்கிலும் வாய் வரைக்கும் வரும், பச்சை விழுந்துவிடும். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை நீங்கள் வேலைக்கு வரவில்லை. ஹார்ட் அட்டாக் என்று மதியம் கிச்சனில் சொன்னார்கள். உங்கள் மகன் ஹூஸ்டனிலிருந்து வந்து, உங்களுக்கு மரண அறிவித்தல் போட்டான். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்ன இடத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவர். நான் அதை ஃபோனில் இரண்டு முறை வாசித்தேன். பிறகு எட்டாவது பாட்டைக் கேட்டேன். ஆல்பத்தின் மற்ற பாட்டுகள் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அது மட்டும் பிடிக்கிறது.

போன வாரம் அந்தக் கமெண்டை அழிக்கப் போனேன். இதை அழித்தால் இதற்குக் கீழே வந்த பதில்களும் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. கீழே உங்கள் இரண்டு வரி இருந்தது. நீங்கள் அந்தப் பக்கத்தில் எழுதியது அது ஒன்றுதான். என் வெட்கத்தை எடுத்தால் உங்கள் வார்த்தையும் போய்விடும். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஒரு வாரம் கமெண்ட் அப்படியே இருந்தது.

இன்று முதல் டெலிவரி, நீங்கள் நின்று எழுதிய அதே அப்பார்ட்மென்ட். அதே பார்க்கிங்கில் வேனை நிறுத்தினேன். அந்தப் பையனுடைய பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். உங்கள் பதிலுக்குக் கீழே, 'ஆன்ட்டி, இதை எழுதியது நான்தான். தம்பி இல்லை' என்று தமிழில் எழுதினேன்.

பிறகு பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறி, பெல் அடித்து, நின்றேன். ஒரு அமெரிக்கர் திறந்தார். இன்றைக்கு என்ன கறி என்று கேட்டார்.

"வெஜிடேபிள் குருமா" என்றேன்.