கரைத்துண்டு

கடலூர் முதுநகர்
வியாழக்கிழமை

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நலம் என்று போடாமல் கடிதத்தை ஆரம்பிக்கத் தெரியாததால் போடுகிறேன், உன் நலத்தை இந்தத் தடவை கேட்கப்போவதில்லை.

உன் கடிதம் கிடைத்தது. பெல்ஜியத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கண்ணாடி நார்த் துணியை இழை இழையாக வரைந்து, எந்த இழை எதன்மேல் ஏறுகிறது, எங்கே நெளிகிறது, ரெசின் பசை ஊற்றி இறுகினால் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்ப்பதுதானே உன் வேலை, நம் பட்டறைப் படகுக்கும் நீதான் பார்த்துச் சொன்னாய், ஆறு அடுக்கு தண்டம்ப்பா, நாலே போதும் என்று. நானும் பெருமை தாங்காமல் அம்மாவின் தம்பி தங்கராசுவுக்கு நாலு அடுக்கில் படகு கட்டிக் கொடுத்தேன். பிச்சாவரம் முகத்துவாரத்தில் அது அடிப்பக்கம் பிளந்து உன் மாமா போய் ஐந்து மாதம் ஆகிறது. இப்போது எழுதுகிறாய், நான் கூரியரில் அனுப்பிய மாதிரித் துணி ரோலின் ஓரக் கரையில் வெட்டியதாம், கரையில் இழை நெருக்கமாம், நடுவில் தள்ளித் தள்ளி ஓடுகிறதாம், அதனால் கணக்குத் தப்பிவிட்டதாம். கரையில் வெட்டாமல் நடுவிலா வெட்டுவேன், முழுத் துணியும் பாழாகாதா? பட்டறையில் வளர்ந்தவள் நீ. வெட்டிப் போட்ட கரைத்துண்டையெல்லாம் பொறுக்கிக் கட்டி வைத்தவளே நீதான். சிதம்பரத்தில் நாலு வருஷம் படித்து, அதற்குமேலும் படித்து, எங்கே வெட்டினாய் என்று அப்பனை ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் வரவில்லை.

பொங்கலுக்கு வந்து செல்லாயி அத்தை காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். வராதே. படகு மணல்மேட்டில் மோதிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பார்த்து ஓட்டாம என்னை அம்போன்னு வுட்டுட்டுப் போயிட்டாரே என்று செல்லாயி செத்துப்போன புருஷன் தங்கராசுவை ஏசிக்கொண்டிருக்கிறாள், நானும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. செல்லாயியை எனக்குத் தெரியும், நீ அழுதால் அவளும் சேர்ந்து அழுது, போவுது வுடும்மா, நீ வேணும்னா செஞ்ச என்று தலையைத் தடவிக் கொடுப்பாள். அந்தக் கை உன் தலையில் படக் கூடாது. என் தலையிலும் வேண்டாம், துணியை வெட்டி அனுப்பியவன் நான்.

அங்கே குளிர் ஜாஸ்தி என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேலையை விட்டுவிடாதே. நூறு வயது இரு, ஒரு நாளும் இதை மறக்காமல் இரு, என் ஆசீர்வாதம் அவ்வளவுதான். இத்துடன் வரும் பார்சலில் உனக்கென்று அத்தை தன் கையால் போட்ட இறால் ஊறுகாய் இருக்கிறது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்று அவளுக்குப் போன் பண்ணிச் சொல்.

இப்படிக்கு
உன் அப்பா
சிங்காரம்