குண்டூசியில் தொங்கிய ஒன்பது பேர்

அன்பு மகள் பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் தன்னை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்கிறது. நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன். போனில் சொன்னால் நீ 'ம்' கொட்டியே என்னை முடித்துவிடுவாய், இது முழுதாகச் சொல்ல வேண்டிய செய்தி. உன் அம்மா ஜெயித்துவிட்டாள்.

சரித்திர ஆசிரியர்களுக்கென்று இணையத்தில் ஒரு கருத்தரங்கு, நிறத்தை வைத்து மனிதர்களைப் பிரித்து வைத்ததையும் குடியுரிமையையும் பற்றி, சனிக்கிழமை பிற்பகல்களில் நடக்கிறது. சாப்பாட்டு மேசையில் நான் கணினியோடு உட்கார, பேராசிரியருக்கு டீ வேண்டுமா என்று கேலி செய்துகொண்டிருந்த அப்பா இரண்டாவது வாரமே தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளையருக்கு ஒரு கதவு, கறுப்பருக்கு ஒரு கதவு என்று பலகை மாட்டியிருந்த காலத்தைப் பல வருடமாக நடத்துகிறேன், கேட்கும் பிள்ளைகள் முகம் சுளிக்கும்போது எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. மூன்றாவது வாரம் பேராசிரியை ஒரு வேலை கொடுத்தார். சில பிள்ளைகளை மட்டும் தனியே வைக்கிற ஒரு தாளை உங்கள் பள்ளியில் தேடுங்கள், அதற்கு உத்தரவிட்டது யார் என்றும் தேடுங்கள் என்றார். எங்கள் பள்ளியில் அப்படி எதுவும் கிடையாது என்று முதல் ஆளாகப் பதில் அனுப்பினேன். திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டைத் திறந்தால் அந்தத் தாள் என் கையிலேயே இருக்கிறது.

உனக்கும் தெரிந்ததுதான், நீ அங்கே படித்தவள். பதிவேட்டில் நாற்பது பேர். ரயில் பாதைக்கு அப்பால் தகரக் குடியிருப்பிலிருந்து வருகிற ஒன்பது பேர், பெற்றோருக்குக் குடியுரிமைத் தாள் இல்லாதவர்கள், குண்டூசி குத்திய தனித் தாளில். அவர்களைப் பெயர்கூடச் சொல்லாமல் இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று கடைசியில்தான் கூப்பிடுவோம். பொதுத் தேர்வுக்குப் பெயர் அனுப்பும்போதும் அந்தத் தாள் பிறகுதான் போகும். போன வருடம் அந்தப் 'பிறகு' நீண்டுபோய் இரண்டு பேர் தேர்வே எழுதவில்லை. இந்த வருடம் இணைப்பு ஆறு தையற்காரர் மகள், என் பாடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பெயர் அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

எங்கள் எழுத்தரை 'ரப்பர் ஸ்டாம்ப்' என்போமே, அவரிடம் உத்தரவைக் கேட்டேன். மேலிடத்து உத்தரவு, கை வைக்க முடியாது என்றார். அந்த மேலிடத்தைக் காட்டுங்கள் என்று இரண்டு நாள் இடைவேளை முழுக்க அவருடைய அலமாரியை இருவரும் தும்மித் தும்மிக் குடைந்தோம். ஒன்றுமில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற பழைய எழுத்தரைப் போனில் பிடித்தார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "பதிவேட்டுல நாப்பது வரிதாம்மா அச்சடிச்சு வரும். அந்தக் குடியிருப்புப் பிள்ளைங்க மொத மொதல்ல நடு வருஷத்துல வந்துச்சுங்க, இடமில்லன்னு ஒரு தாளக் குத்தினேன். அடுத்த வருஷம் சேத்து எழுதிக்குவாங்கன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் பாப்பு. யாரும் சேர்த்து எழுதவில்லை, வருடா வருடம் முந்தைய பதிவேட்டைப் பார்த்து அப்படியே தனித் தாளில் எழுதினார்கள், நானும் எழுதினேன். ஒருவரும் போடாத உத்தரவுக்குப் பதினொரு வருடம் கீழ்ப்படிந்திருக்கிறேன். ஒரு கெட்ட சட்டத்துக்குப் பயந்தேன் என்றாலாவது ஏதோ ஒரு சமாதானம் இருந்திருக்கும். ஆசிரியர் அறையில் டீ ஆறிப்போகும்வரை அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை தலைமையாசிரியையிடம் போய், ஒன்பது பேரையும் பதிவேட்டிலேயே சேர்க்கக் கேட்டேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். கேட்டால் அவர்களிடமே உத்தரவைக் கேளுங்கள் என்றேன். அப்போது கூப்பிடாமலே உள்ளே வந்தார் நம் ரப்பர் ஸ்டாம்ப். "ரெண்டு பதிவேட்ட சேத்துத் தச்சா எண்பது வரி மேடம். ஊசி நூல் எங்கிட்டயே இருக்கு" என்றார். மேடம் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை மதியம் நாற்பத்தொன்பது பெயரும் அகர வரிசையில் ஒரே பட்டியலாகப் போயின. மறுநாள் கருத்தரங்கில் நான் முதலில் அனுப்பிய பதில் பொய் என்று சொல்லி எல்லாவற்றையும் விவரித்தேன், தங்கள் பதிவேட்டையும் பார்க்கப் போவதாகப் பலர் எழுதினார்கள், அப்பா பக்கத்து நாற்காலியில் கை தட்டியது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

திங்கட்கிழமை சேர்த்துத் தைத்த பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டேன். அகர வரிசையில் அந்த ஒன்பது பேரில் முதலில் வருகிறவள் தையற்காரர் மகள்தான், பதினேழாவது. தன் முறை வர நேரமிருக்கிறது என்று பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. எழுந்து உள்ளேன் என்றாள், ஆனால் உட்காரவில்லை.

"இன்னொரு தடவ கூப்பிடுங்க டீச்சர்" என்றாள்.

கூப்பிட்டேன்.

நீ நினைப்பதெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், போகிற இடத்தில் எல்லாரும் உன்னைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். நீ அந்த நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கிற தேதி நெருங்குகிறது, கடைசி நாள்வரை இழுக்காதே.

நிறைந்த மனதோடு,
உன் அம்மா